முழங்கால் அளவுத் தண்ணீர்

ராயபுரத்தில் பிறந்து, கடலிலிருந்து நாலு வீடு தள்ளி வளர்ந்த எனக்கு நீச்சல் தெரியாது. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அப்பா படகில் தொழிலுக்குப் போனவர். அண்ணன்கள் இரண்டு பேரும் பல் விழுந்து முளைக்கும் வயதிலேயே கரையில் கொட்டிக் கிடக்கும் கருங்கல் மேலிருந்து குதித்து, நங்கூரம் போட்டு நிற்கும் படகைத் தொட்டுவிட்டு வருவார்கள். பெண் பிள்ளைகளுக்கு அது கிடையாது. எங்கள் சந்தில் பெண்கள் கடலுக்குள் இறங்குவது வழக்கமில்லை. கூடையை அலசலாம், கால் நனைக்கலாம், ஏலத்தில் சிதறிய மீனைப் பொறுக்கலாம். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறக் கூடாது. பத்து வயதில் ஒரு தடவை இடுப்பளவு போய் நின்றேன். அப்பா கையில் இருந்த வலைக் கயிற்றாலேயே விளாசினார். அத்தோடு எனக்கும் ஆசை விட்டுப்போனது.

ஆனால் மனதுக்குள் ஒரு நினைப்பு மட்டும் இருந்தது. இத்தனை பேர் நீந்துகிற வீட்டில் பிறந்தவளுக்கு, ஓர் அவசரம் என்று வந்தால் கைகால் தானாக வேலை செய்யும், ரத்தத்திலேயே இருக்கும் என்று நினைத்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை. நானாகக் கட்டிக்கொண்ட மனக்கோட்டை அது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் கம்பெனியில் வேலை பார்த்தேன். கப்பலில் வந்து இறங்கும் சரக்குக்குச் சுங்கத்தில் காகிதம் போட்டு வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலை. மதியம் எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிடுவோம். எல்லோரும் என்றால், என் டப்பா திறக்கும் வரை எல்லோரும். நெத்திலி வறுவலோ சுறாப்புட்டோ இருந்துவிட்டால் யாராவது ஜன்னலைத் திறப்பார்கள். எங்கள் கணக்கர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சுத்த சைவம். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். தன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஃபைல் அலமாரி ஓரம் போய் உட்கார்ந்துவிடுவார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். மூக்கைப் பிடித்தால் திருப்பித் திட்டலாம். எழுந்து போகிறவரை என்ன செய்வது?

தடாவுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தவர் துறைமுகத்துக்குள் அலைகிற கிளார்க். திருவொற்றியூர்க்காரர், சும்மா இருக்கத் தெரியாத மனிதர். ஆந்திர எல்லை தாண்டினால் தடா, அங்கிருந்து மேற்கே மலை, அடர்ந்த காட்டுக்குள் மூன்று மணி நேரம் நடந்தால் அருவி, அருவிக்குக் கீழே குளிக்க மடு என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"குளிக்கிற எடம் ஆழம் கீதாம். யாருக்குப்பா நீச்சல் தெரியும்?" என்று மேஜையில் கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கணக்கர் அலமாரி ஓரத்தில் தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். கிளார்க் என் பக்கம் திரும்பினார்.

"அட, நம்ம ராயபுரம் மேடம் கீது. அப்பறம் இன்னா பேஜாரு? பத்து பேர் உள்ள போனாலும் அது ஒண்ணே இழுத்துப் போட்டுரும். இன்னாம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த மேஜையில் என் தெருவுக்குக் கிடைத்த முதல் மதிப்பு அது. என் டப்பாவில் அன்றைக்கும் மீன்தான், யாரும் ஜன்னல் பக்கம் போகவில்லை.

"பின்ன?" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். ஆனால் அப்போது நான் மாட்டிக்கொண்டதாகவே தெரியவில்லை. சந்தோஷமாக ஒரு துண்டு மீனை அதிகமாகவே தின்றேன்.

மாட்டிக்கொண்டது சனிக்கிழமை தெரிந்தது. எங்கள் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பில் அடிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். பத்தொன்பது வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் அம்மாவும் அவளும் மட்டும். அம்மா ஒரு பைண்டிங் கம்பெனியில் நோட்டுப் புத்தகம் தைக்கிறவர். தண்ணீர் இருக்கிற இடம் என்றதும் மகளை அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "நீங்க வந்து கேட்டா விடுவாங்கக்கா" என்று அந்தப் பெண் என்னை மாலையில் வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

மூன்றாவது மாடி. சுவரில் புத்தர் படம், அதன் கீழே தையல் பிரிந்த நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஒனக்கு நீச்சல் தெரியுமாம்மா?"

"கடலோரம்தாம்மா எங்க வூடு" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அதைச் சொன்ன சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்போ செரி. ஒன்ன நம்பித்தான் அனுப்புறேன். இதத் தவுர எனக்கு வேற யாரும் கெடையாது" என்றார். மகள் எனக்குப் பின்னாலிருந்து என் துப்பட்டா முனையை இழுத்துச் சிரித்தாள்.

அன்று இரவு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிறு காலை மாதா கோயில் பூசைக்கு வராமல் கிளம்பியதற்கு என் அம்மா திட்டினாள். "கோயில் மணி அடிக்கும்போது ஊர் சுத்தப் போறியா?" என்றாள். பதில் சொல்லாமல் செருப்பை மாட்டினேன். போகாதே என்று ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தால் அதையே சாக்காக வைத்து நின்றிருப்பேன். அவள் திட்டியதோடு சரி.

வேனில் ஒன்பது பேர். மாதவரம் தாண்டுவதற்குள் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அரை மணி நேரம் அசையவில்லை. மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். நான் மட்டும் அந்த லாரிகள் சாயங்காலம் வரை நகரக் கூடாது என்று மாதாவை வேண்டினேன். நகர்ந்தன. கும்மிடிப்பூண்டி வந்தது, ஆரம்பாக்கம் வந்தது. டயர் பஞ்சராகவில்லை. மழை பெய்யவில்லை. முந்தின வாரம் முழுக்கப் பெய்த மழை அன்றைக்குப் பார்த்து நின்றுபோயிருந்தது. அந்தப் பெண் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

காட்டு வழி ஓடையோடு ஆரம்பித்தது. முதலில் வெட்ட வெளி, முட்செடி. அரை மணி நேரத்தில் மரங்கள் நெருங்கின. அதற்கு மேல் வெயிலே இல்லை. ஆளுயரப் பாறைகள், அவற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கும் வேர்கள், கால் வைத்தால் உள்ளே போகும் ஈர இலை. எண்ணூர்க் காற்றையும் எங்கள் தெரு மீன் வாடையையும் மூச்சாக இழுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் காற்றில் வாசனையே இல்லாதது எனக்கு வினோதமாக இருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் அதை ரசித்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொரு திருப்பத்திலும் காது கொடுத்து, அருவிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்காதவரை நிம்மதி.

ஓடையை ஐந்தாறு இடத்தில் குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. முதல் இடத்திலேயே அந்தப் பெண் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். கணுக்கால் அளவுதான் தண்ணீர். "விடாதீங்கக்கா" என்றாள். விடவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்கும்போது முன்னால் போன கிளார்க் திரும்பி, "இன்னா மேடம், ஒனக்கு இதெல்லாம் கால் கழுவுற தண்ணி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது தடவை, ஒரு பாறையில் உட்கார்ந்து இளைப்பாறியபோது சொல்லியிருக்கலாம். மற்றவர்கள் முன்னால் போயிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். "இங்க பாரு, ஒரு விஷயம்" என்று தொடங்கினேன். அவள் தானாகப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"எங்க வூட்ல ஒரு குடம் தண்ணிலதான்க்கா குளிக்கணும். மூணு மாடி தூக்கியாரணும்ல. தலைக்கு ஊத்துனா ஒடம்புக்கு இருக்காது. ஒரே ஒரு தபா, தல முழுசா தண்ணிக்குள்ள முங்கிக் கண்ணத் தொறந்து பாக்கணும். சின்ன வயசுலேந்து ஆச. கடல்னா பயம். இன்னிக்கு நீங்க கீறீங்க."

சொல்லிவிட்டு வெட்கப்பட்டு எழுந்து நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். இவ்வளவு ஆசையோடு வந்தவளிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்ததாக அப்புறம் பல வருடங்கள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இல்லை. என் மானம் போய்விடும் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அவள் கரையில் உட்கார்ந்து கால் நனைத்துவிட்டு வந்திருப்பாள், அவ்வளவுதான். கிளார்க் ஒரு மாதம் என்னைக் கிண்டல் செய்திருப்பார். இதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

அருவி நான் நினைத்த அளவு பெரிதில்லை. இரண்டு மாடி உயரம் இருக்கும். ஆனால் கீழே இருந்த மடு பெரிது. ஓரத்தில் பாறை தெரியும் தெளிந்த தண்ணீர், நடுவில் பச்சை, அருவி விழும் இடத்தில் கறுப்பு. கடல் என்றால் அலை வந்து ஆழத்தைச் சொல்லிவிடும். இது சும்மா கிடந்தது. பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை.

கிளார்க் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அருவிக்கு மேலே ஏறிப் படம் எடுக்கப் போய்விட்டார். "கீழ மேடம் பாத்துக்கும்" என்று போகிற போக்கில் சொன்னார். கணக்கருக்கு மூச்சு வாங்கியது. தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பாறை மேல் உட்கார்ந்தார். சட்டை கழற்றக்கூட இல்லை.

அந்தப் பெண் சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். நானும் முழங்கால் வரை இறங்கி நின்றேன். தண்ணீர் சில்லென்று எலும்பில் ஏறியது.

"தூரப் போகாத" என்றேன்.

"இல்லக்கா, இடுப்பு வரைக்கும்தான். நீங்க அங்கயே நில்லுங்க."

அவள் மெதுவாகத்தான் போனாள். ஒவ்வொரு அடிக்கும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். இடுப்பளவு வந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "கண்ணத் தொறந்தேன்க்கா" என்றாள். இன்னொரு தடவை முங்கினாள். எழும்போது ஒரு காலைப் பின்னால் வைத்திருக்க வேண்டும். பாறை அங்கே முடிந்துவிட்டது. அவ்வளவுதான், ஆள் இல்லை.

கை ஒன்று மேலே வந்தது. பிறகு முகம். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கண் என்னைத்தான் தேடியது, கண்டுபிடித்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் எங்கள் வீட்டு அறை நீளம்தான் இருக்கும். என் ரத்தம் ஒன்றும் செய்யவில்லை. கைகால் தானாக வேலை செய்யும் என்று நம்பியிருந்தேனே, என் கால்கள் ஓர் அடி பின்னால் போயின. அதை நான் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆனால் என் கால்கள்தான். கத்தியிருக்கலாம். கத்தவுமில்லை. கத்தினால் மேலே இருப்பவர்கள் இறங்கி வந்து, நான் நிற்பதைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அப்படி யோசித்தேனா என்று சத்தியமாகத் தெரியவில்லை. யோசித்திருப்பேன் என்றுதான் பயமாக இருக்கிறது.

எனக்குப் பின்னாலிருந்து ஏதோ தண்ணீரில் விழுந்தது. கணக்கர். சட்டை, பேன்ட், கைக்கடிகாரம் எல்லாவற்றோடும். தொந்தியும் மூக்குக் கண்ணாடியுமாக ஃபைலுக்குப் பின்னால் உட்கார்ந்தே நான் பார்த்த மனிதர், நாலு வீச்சில் அங்கே போய்விட்டார். அவளுடைய பின்னலைப் பிடித்து, தன்னைக் கட்டிக்கொள்ள விடாமல் முதுகுப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, கையக் கொடு. கையக் கொடும்மா" என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

அப்போதுதான் என் உடம்பு அசைந்தது. ஓடிப் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பு வரை நனைந்தேன். கையைக் கொடுத்தேன். இரண்டு பேருமாக அவளைப் பாறையில் கிடத்தினோம். அவர் அவளைக் குப்புறத் திருப்பி முதுகில் தட்டினார். தண்ணீர் வந்தது, பிறகு இருமல், பிறகு அழுகை. அழுகிற சத்தம் கேட்டதும் அவர் போய்த் தன் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தார். கிடைக்கவில்லை.

"சார், உங்களுக்கு நீச்சல்..." என்றேன்.

"எங்க ஊர்ல கிணறு உண்டும்மா. எல்லாப் பயலுவளும் குதிப்போம்" என்றார். "என்னை யாரும் கேக்கலியே."

மேலே போனவர்கள் ஓடி வந்தபோது நான் இடுப்பு வரை நனைந்து அவள் தலையை மடியில் வைத்திருந்தேன். கணக்கர், சும்மா குளித்துவிட்டு ஏறியவர் போல, தள்ளி நின்று சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார். கிளார்க் பார்த்த பார்வைக்கு அது போதுமாக இருந்தது. "நல்ல வேள மேடம், நீ இருந்தே. இல்லன்னா இன்னிக்கு நம்ம கத கந்தல்தான்" என்றார். கணக்கர் ஒரு முறை என்னைப் பார்த்தார். கண்ணாடி இல்லாத அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று என்னால் படிக்க முடியவில்லை. சட்டையை உதறிப் பாறையில் விரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

திரும்பி நடந்த மூன்று மணி நேரமும் ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தட்டினார்கள். அந்தப் பெண் இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஓடையைக் கடக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் போனேன். அவள் என் கையைத் தேடவில்லை. வேனிலும் எனக்கு முந்திய சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கோபமாக இருக்கிறாளா என்று பின்னந்தலையை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? மாதவரம் வரை அந்த ஈரப் பின்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வந்தது.

வியாசர்பாடியில் வேன் நிற்கும்போது விளக்கு வைக்கும் நேரம். அவள் அம்மா கீழேயே காத்திருந்தார். நான் இறங்குவதற்குள் கிளார்க் ஜன்னலில் தலையை நீட்டி, "பாப்பா தண்ணில கால் வழுக்கிடுச்சுமா. பயப்படாதே, ஒண்ணும் ஆவல. நம்ம மேடம் கீதே, இதுதான் இழுத்துப் போட்டுச்சு" என்று சொல்லிவிட்டார். நான் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லி நின்றுகொண்டேன், வேன் போய்விட்டது.

அந்த அம்மா மகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நோட்டுத் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன விரல்கள். மேலே வா, டீ குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று இழுத்துக்கொண்டே படி ஏறினார். மூன்று மாடியும் என் கையை விடவில்லை; மகள் பின்னால் வந்தாள். ஒவ்வொரு மாடியிலும் கதவோரம் நின்ற பெண்களிடம், "இந்தப் பொண்ணுதான், எம் பொண்ணக் காப்பாத்துச்சு" என்று சொல்லிக்கொண்டே போனார். மூன்றாவது மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"அம்மா, நான் காப்பாத்தல. எனக்கு நீச்சல் தெரியாது. எங்க ஆபீஸ் கணக்கர் குதிச்சுத் தூக்கினார்" என்றேன்.

அவர் சிரித்தார். "சும்மா சொல்லாதம்மா. கடல்காரங்க வூட்டுப் பொண்ணுக்கு நீச்சல் தெரியாதா? பெருமையடிச்சுக்கக் கூடாதுன்னு சொல்றே. நல்ல வளப்பு" என்று ஸ்டவ்வைப் பற்ற வைக்கக் குனிந்தார்.

"நெஜந்தாம்மா" என்றாள் மகள்.

அருவியிலிருந்து கிளம்பிய பிறகு அவள் என்னைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது. தரையில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் முழுகும்போது அக்காவத்தான் பாத்துகினு இருந்தேன். அவங்க வரல."

அந்த அம்மா நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நேத்து ஒன்னாண்ட கேட்டேனேம்மா" என்றார்.

அவர் கொடியிலிருந்து துண்டை உருவிக்கொண்டு போய் மகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, தலையை அழுத்தி அழுத்தித் துவட்டத் தொடங்கினார். என்னை உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நானாகச் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். முதல் திருப்பத்தில் இருக்கும்போது மேலேயிருந்து அவர் குரல் மறுபடி கேட்டது. இந்தத் தடவை எனக்குச் சொன்னது அல்ல. மகளுக்கும் அல்ல.

"கேட்டேனே. நான் கேட்டேனே."